கிழக்குக் கரை நீங்கலாக

என் மாமனார் டென்சில் எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். மே மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் கம்பளிக் கோட்டுக்குள் வயிற்றை அடக்க முடியாமல் நடுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நடைமேடையில் நின்றேன். கார்ன்வாலிலிருந்து நார்தம்பர்லாந்து வரை, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு, காலையில் கிளம்பி மாலையில் வந்து சேர்ந்திருந்தார்.

"ஹெதர் கண்ணு, இங்க இன்னும் பிப்ரவரிதானா? வழியெல்லாம் நல்ல வெயில். உங்க ஊர் வந்ததும் யாரோ ஃபிரிட்ஜ் கதவைத் திறந்த மாதிரி இருக்கு."

"கோட் எங்க, டென்சில்?"

"மே மாசத்துல கோட்டா? எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

குழந்தைக்கான அறைக்கு வண்ணம் அடித்துத் தர வந்திருந்தார். எனக்கு ஏழாம் மாதம். என் கணவன் ஜேகோ காற்றாலைகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அந்த வாரம் முழுக்க மேற்குக் கரையில் இருந்தான். டென்சிலின் மனைவி இறந்து நான்கைந்து வருடங்கள். வாழ்நாளெல்லாம் மீன்பிடிப் படகில் கழித்தவர். சும்மா உட்காரத் தெரியாதவர். பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் போதும், பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்.

என் அம்மா டோரீன் அதே தெருவில் மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். தினமும் மதியம் சாப்பிட வருவாள். அம்மாவும் டென்சிலும் எங்கள் கல்யாணத்தில் பார்த்துக்கொண்டதோடு சரி. இப்போதுதான் சம்பந்திகள் இருவரும் ஒரே மேசையில் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். பேச வேறு விஷயம் இல்லாததாலோ என்னவோ, வந்த முதல் நாளே வானிலையில் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்க வாசல்ல டாஃபடில் இன்னும் பூத்திருக்கே," என்றார் டென்சில். "நாங்க ஜனவரியிலயே பறிச்சு லண்டனுக்கு அனுப்பிட்டோம்."

"வெயில்ல நின்னு பறிச்சீங்களா, குடைக்குக் கீழ நின்னு பறிச்சீங்களா?" என்றாள் அம்மா.

"எங்க மழை மெல்லிசு மழைங்க, டோரீன். உடம்புல விழறதே தெரியாது."

"தெரியுதோ தெரியலையோ, நனைஞ்சா நனைஞ்சதுதான். இங்க குளிரும், ஒத்துக்கறேன். ஆனா கொடியில போட்ட துணி காயும்."

"காயறதுக்குள்ள காத்து தூக்கிட்டுப் போயிடுமே."

இப்படியே நான்கு நாள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு சாப்பாட்டு வேளை வந்தாலே பேச்சை மாற்ற ஏதாவது தேட ஆரம்பித்தேன். இரண்டு பேருமே சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் டென்சில் போனபின் அம்மா தட்டு கழுவும் வேகமும், அம்மா போனபின் டென்சில் பிரஷ்ஷை உதறும் வேகமும் வேறாக இருந்தன. ராத்திரி ஜேகோவிடம் போனில் சொன்னேன்.

"விடு. அப்பாவுக்கு ஊர் விட்டு வந்தா அப்படித்தான். ஊரைப் பெருமை பேசலைன்னா தூக்கம் வராது," என்றான்.

வியாழக்கிழமை காலை வானொலியில் வானிலை சொன்னார்கள். நாடெங்கும் நல்ல வெயில். ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கத்தில்தான் இன்று வெப்பம் அதிகம். தென்மேற்கில் பிற்பகலில் மழை. கிழக்குக் கரை நீங்கலாக மீதி இடங்களில் வானம் தெளிவாக இருக்கும்.

"ஸ்காட்லாந்து எங்களைவிடச் சூடா?" என்று டென்சில் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

அம்மா அன்று சீக்கிரமே வந்திருந்தாள். "உங்க ஊர்ல மழையாம்," என்றாள் மெதுவாக. அவளால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை.

வானொலி சொன்னதற்கு மாறாக, கிழக்குக் கரையிலிருக்கும் எங்கள் ஊரிலும் வானம் துடைத்துவைத்த நீலமாக இருந்தது. அந்த வருடத்தின் முதல் சூடான நாள். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்தேன். மதியத்துக்குள் டென்சில் சுவருக்கு இரண்டாவது பூச்சை முடித்துவிட்டு, அது காய வேண்டும், தீவு வரை நடந்துவிட்டு வருகிறேன் என்றார்.

எங்கள் ஊருக்கு எதிரே ஸ்கெல் தீவு. கடல் வற்றும்போது மணலில் நடந்தே போகலாம். ஆள் உயரத்துக்கும் மேலான கம்பங்கள் வரிசையாக நட்டிருக்கும். அவற்றை ஒட்டி நடக்க வேண்டும். நடுவழியில் நான்கு கால்களின் மேல் ஒரு மரக்கூண்டு, ஏணியோடு. தண்ணீரில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறி உட்காருவதற்கு. டென்சில் கடற்கரைப் பலகையில் நீர் ஏறும் நேரத்தை முதல் நாளே படித்து வைத்திருந்தார். மாலை வரை கவலை இல்லை என்று அவர் சொன்னது சரிதான்.

"கோட் எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள் அம்மா.

"வானத்தைப் பாருங்க, டோரீன்."

"பாத்தேன். காத்து கிழக்கேர்ந்து அடிக்க ஆரம்பிச்சிருக்கு. நிலம் இப்படிச் சூடாகி, கடல்லேர்ந்து காத்தும் வந்தா, ஃபிரெட் வந்துடும்."

கடல்மேல் திரண்டு கரையேறும் மூடுபனிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

"காலமெல்லாம் கடல்ல இருந்தவன்கிட்ட வந்து கடலைப் பத்திச் சொல்றீங்களே."

"அது உங்க கடல். அது வெதுவெதுன்னு இருக்கும். இது வேற."

டென்சிலின் முகம் இறுகிவிட்டது. விளையாட்டுப் பேச்சு எங்கேயோ வழியில் நின்றுபோயிருந்தது. கொக்கியில் மாட்டியிருந்த ஜேகோவின் தடித்த கோட்டை நான் எடுத்து நீட்டினேன். "வேண்டாம் கண்ணு," என்று என் தோளைத் தட்டிவிட்டு அரைக்கைச் சட்டையோடு இறங்கிப் போனார். அவருடைய போன் ஜன்னல் திண்டில் சார்ஜில் கிடந்ததை அவர் போனபிறகுதான் பார்த்தேன்.

நான் சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பேன். குளிரில் விழித்தேன். திறந்த ஜன்னல் வழியாக ஈரமான வாடை வந்தது. எதிர் வீட்டின் கூரை தெரியவில்லை. சற்றுநேரத்தில் எதிர் வீடே இல்லை. அம்மா ஏற்கெனவே காலணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டாரா?" என்றேன்.

"இல்ல. கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டே போய்ட்டு வந்துடறேன். புத்தி இருந்தா மரக்கூண்டுல ஏறி உக்காந்திருப்பாரு."

"நீ போகாதம்மா. கடலோரக் காவலைக் கூப்பிடலாம்."

"எதுக்கு? ஒரு மனுஷன் கோட் இல்லாம நடக்கப் போனதுக்கா? ஊரே சிரிக்கும். அவருக்குத்தான் அசிங்கம்."

"அம்மா, உனக்கு முழங்கால் வலி."

"நேத்து வலிச்சது. இன்னிக்கு இல்ல." ஜேகோவின் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். கதவருகே ஒரு கணம் நின்றாள். "நான்தான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். அதனாலதான் அந்த மனுஷன் கோட்டை வாங்கல."

வாசலைத் தாண்டி நான்கடி வைத்ததும் அவளும் இல்லை. கேட் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

நான் காரை எடுத்துக்கொண்டு கடற்கரை மேட்டுக்குப் போனேன். தெருமுனை தெரியாமல் நடைவேகத்தில்தான் போக முடிந்தது. முதல் கம்பம் தெரிந்தது. இரண்டாவது, சந்தேகமாக. அதற்கப்பால் வெள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் குரல் என் முகத்திலேயே ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அம்மாவின் போன் வந்தது.

"கூண்டுல இல்ல," என்றாள். மூச்சு வாங்கினாள். "ஏறிப் பாத்துட்டேன். யாரும் இல்ல."

"நீ அங்கேயே இரு. நான் ஆளைக் கூப்பிடறேன். ஏறி உள்ள உக்காரு."

"இரு, இரு. யாரோ கத்தற மாதிரி இருக்கு."

"அம்மா, இறங்காத."

"டென்சில்," என்று அவள் பனிக்குள் கத்துவது கேட்டது. பிறகு என்னிடம், "இங்கதான், பக்கத்துலதான் கேக்குது," என்றாள். காலடிச் சத்தம், சேற்றில் உறிஞ்சுகிற சத்தம், ஒரு முனகல். போன் செத்துப்போனது. திரும்ப அழைத்தேன். மணிகூட அடிக்கவில்லை.

உடனே அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். எங்கள் ஊர்க் கடலோரக் காவலில் இருப்பவர்கள் எல்லாரும் தொண்டர்கள். முதலில் வந்தது நெவில், ஊரில் கார் பட்டறை வைத்திருப்பவர். கை முழுக்க கிரீஸோடு வந்தார். பின்னாலேயே நான்கைந்து பேர், மஞ்சள் உடுப்பும் கயிறும் விளக்கும். நான் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தேன். நெவில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் கையை எடுத்துவிட்டார்.

"நிறுத்தும்மா. இந்தப் பனியில சத்தம் எங்கேர்ந்து வருதுன்னே தெரியாது. நீ இங்க அடிச்சா அவங்களுக்குக் கடல் பக்கம் கேக்கும். அப்புறம் அதை நோக்கி நடந்து போவாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாத. காரை விட்டு இறங்காத. உன்னையும் தேட எங்கிட்ட ஆள் இல்ல."

தண்ணீர் எப்போது ஏறும் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. மரக்கூண்டுக்கும் கரைக்கும் இடையில் ஒரு ஓடை உண்டு. மணல்மேடுகள் மூழ்குவதற்கு வெகுமுன்பே தண்ணீர் அந்த ஓடைவழியாகப் பின்பக்கம் சுற்றி வந்துவிடும். மணலில் நிற்கிறவன் தனக்கு முன்னால்தான் கடல் என்று நினைத்துக்கொண்டிருப்பான். ஹெலிகாப்டர் வந்து பயனில்லை என்று ஒருவர் சொன்னார். பக்கத்துத் துறைமுகத்திலிருந்து சிறிய மீட்புப் படகு கிளம்பிவிட்டது என்றார் இன்னொருவர். மூன்று பேர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பங்களைப் பிடித்துப் போனார்கள். கயிறு மணலில் ஊர்ந்து போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்தபடி இருந்தேன்.

ஜேகோ போன் செய்தான். நான் அனுப்பிய செய்தியை அப்போதுதான் பார்த்திருக்கிறான். அவன் பின்னால் ஐஸ்கிரீம் வண்டியின் பாட்டு, பிள்ளைகள் கத்தும் சத்தம்.

"என்ன ஹெதர், பனியா? இங்க வெயில் மண்டையைப் பிளக்குது. எல்லாரும் சட்டையைக் கழட்டிட்டு உக்காந்திருக்கோம்."

"ஜேகோ, உங்கப்பா மணல்ல இருக்கார். எங்கம்மா தேடப் போனா. அவளையும் காணோம்."

"அப்பா பாத்துப்பார். அவருக்குக் கடல் தெரியும்."

"இந்தக் கடல் தெரியாது," என்றேன். அம்மா சொன்னதையே நானும் சொல்கிறேன் என்று உறைத்தது. "எனக்கு என் கையே தெரியல, ஜேகோ. தண்ணி ஏற ஆரம்பிச்சாச்சு."

ஐஸ்கிரீம் வண்டிப் பாட்டு தேய்ந்து மறைந்தது. அவன் ஓடுகிறான் என்று புரிந்தது. "கிளம்பிட்டேன்," என்றான்.

பனியில் நேரம் போவது தெரியாது. வெளிச்சம் மாறுவதே இல்லை. முன்கண்ணாடியில் நீர்த்துளிகள் சேர்ந்து சேர்ந்து வழிந்தன. குழந்தை அசையவில்லை என்று திடீரென்று ஒரு பயம் பிடித்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தேன், பிறகு அழுத்தியதற்குப் பயந்தேன். கம்பங்களோடு போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூண்டில் யாரும் இல்லை, தண்ணீர் ஓடையில் முழங்காலைத் தாண்டிவிட்டது என்றார்கள். நெவில் என் பக்கம் திரும்பாமலே அதைக் கேட்டுக்கொண்டார். அவர் திரும்பாததுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "எல்லாரும் வாயை மூடுங்க," என்று தன் ஆட்களிடம் சொன்னார். ரேடியோவில் படகையும் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். "கொஞ்ச நேரம் காதை மட்டும் வெச்சுக் கேப்போம்."

யாரும் அசையவில்லை. தண்ணீர் மணலில் சலசலவென்று ஏறுவது கேட்டது. தூரத்தில் ஒரு கடற்பறவை. மீண்டும் தண்ணீர்.

பிறகு, வெகு மெல்லிசாக, ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் பள்ளிப் பேருந்தில் பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கிய அந்தத் தொனி எனக்குத் தெரியும். அதற்குமேல் ஒரு ஆண் குரல், ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. அதை வெட்டிக்கொண்டு அவள்.

"உதவிக்குக் கூப்பிடற மாதிரி இல்லையே," என்றார் நெவில்.

"சண்டை போடறாங்க," என்றேன்.

நெவில் ஒரு கையை நீட்டித் திசை காட்டினார். இன்னொருவர் சற்றுத் தள்ளிப் போய் நின்று, அங்கிருந்து கேட்கும் திசையைக் காட்டினார். இரண்டையும் வைத்து ரேடியோவில் படகுக்குச் சொன்னார்கள். இயந்திரம் மெதுவாக உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அந்தக் குரல்கள் இன்னும் இருக்கின்றனவா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். ஒருமுறை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த முறை அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. டென்சிலின் குரல் அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

நடந்தது என்ன என்பதை இருவரும் பின்னால் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் முழுதாகப் பொருந்தவில்லை. டென்சில் கம்பங்களை விட்டுக் கொஞ்ச தூரம் விலகி, மணலில் புதைந்த ஒரு பழைய படகின் விலா எலும்புகளைப் பார்க்கப் போயிருக்கிறார். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது கம்பங்கள் இல்லை. அவர் ஊர்ப் பனி மலையிலிருந்து மெதுவாக இறங்குமாம், சொல்லிவிட்டு வருமாம். இது சுவர் மாதிரி வந்தது என்றார். அங்கேயே நின்று கத்தியிருக்கிறார். அம்மா அந்தச் சத்தத்தை நம்பிக் கூண்டிலிருந்து இறங்கி, ஓடைக் கரைச் சேற்றில் கால் புதைந்து விழுந்தாள், முழங்கால் பிசகிவிட்டது. போனும் தண்ணீரில் போனது. அவள் வலியில் போட்ட கூப்பாட்டைக் கேட்டு டென்சில் தேடிப்போய், அவள் மேலே இடித்த பிறகுதான் அவளைப் பார்த்தார்.

அவளால் நடக்க முடியவில்லை. அவர் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். காற்று கிழக்கிலிருந்து வருகிறது, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு நடந்தால் கரை வரும் என்பது அவர் கணக்கு. தீவு குறுக்கே நிற்பதால் காற்று இங்கே சுற்றிச் சுற்றி வரும், அதை நம்பினால் நேராக ஓடைக்குள் போவோம், கூண்டுக்குத் திரும்பலாம் என்பது அம்மாவின் வாதம். யார் சொன்னது சரி என்று நெவிலிடமே கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு பக்கமும் தண்ணிதான் இருந்துச்சு," என்றார். அவர்கள் நின்றது ஒரு மணல் திட்டு. அதன் அகலம் எங்கள் சமையலறை அளவுதான் மிஞ்சியிருந்ததாம் படகு போனபோது.

படகு கரைக்கு வந்ததும் முதலில் அம்மாவைத் தூக்கிவந்தார்கள். ஜேகோவின் கோட் அவள் உடம்பில் பொத்தான் போட்டிருந்தது.

"அவருக்குத்தானே கொண்டுபோன," என்றேன். கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. ஆனால் அதுதான் வந்தது.

"நான் எடுத்துக்கிட்டுப் போனேன். அவர் வாங்கி எனக்கே மாட்டிவிட்டார். நான் இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தேன்." அவள் பற்கள் அடித்துக்கொண்டன. "வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன். அவரைப் பாரு ஹெதர். என்னை விடு, அவரைப் போய்ப் பாரு. கொஞ்ச நேரமா பேச்சே இல்ல. சண்டைக்கு இழுத்துப் பாத்தேன், உங்க ஊர் பூவெல்லாம் சாக்கடைப் பூன்னேன். அதுக்கும் பதில் இல்ல."

டென்சிலைப் பலகையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அந்த அரைக்கைச் சட்டை தோலோடு ஒட்டியிருந்தது. உதடு நீலம். நான் கையைப் பிடித்தேன். ஐஸ் போட்ட மீன் பெட்டியில் கைவிட்ட மாதிரி இருந்தது. நடுங்கவில்லை அவர். நடுங்காமல் இருப்பது கெட்டது என்று ஆம்புலன்ஸில் இருந்த பெண் தன் கூட்டாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இருவரையும் ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, மேடு ஏறியதும் பனி அறுந்தது. சட்டென்று கண்ணைக் கூசும் வெயில். ஓட்டுநர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வேலியோரம் செம்மறிக் குட்டிகள் நிழலில் படுத்திருந்தன. ஒரு வீட்டு வாசலில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மருத்துவமனை வாசலில் ஒரு குடும்பமே பெஞ்சில் உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தது. நனைந்த காலணியும் கம்பளிக் கோட்டுமாக நான் இறங்கியதை அந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு பேரைக் கடலிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. எந்தக் கடல் என்று கேட்டிருப்பாள்.

டென்சிலை உள்ளே கொண்டுபோய்க் கதவை மூடிவிட்டார்கள். இதயம் ஒழுங்காகத் துடிக்கவில்லை, உடம்பை மெதுவாகத்தான் சூடாக்க வேண்டும், அவசரப்படுத்தினால் ஆபத்து என்றார் மருத்துவர். என் வயிற்றிலும் ஒரு கருவியை வைத்துப் பார்த்தார்கள். குதிரை ஓடுகிற மாதிரி அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு இன்னும் முறை வரவில்லை என்றுதான் தோன்றியது.

அம்மாவைச் சக்கர நாற்காலியில், காலில் கட்டோடு கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டார்கள். தாழ்வாரத்து ஜன்னல் வழியாக வெயில் அவள் மடியில் விழுந்தது. அவள் நாற்காலியை நகர்த்தி நிழலுக்குப் போனாள்.

"அவர் சாகக் கூடாது, ஹெதர்," என்றாள்.

"சாகமாட்டார்."

"உனக்கு எப்படித் தெரியும்? கோட்டை எடுத்துக்கோங்கன்னு ஒரு தடவை சொல்லிட்டு விட்டிருந்தா எடுத்துக்கிட்டுப் போயிருப்பாரு. எங்க கடல் வேறன்னு ஏன் சொன்னேன்? ஜெயிக்கணும்னு சொன்னேன். எதுல ஜெயிக்கறது? குளிர்லயா?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜேகோ வந்தான். டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, மூக்கும் கழுத்தும் வெயிலில் வெந்து சிவந்திருந்தன. வழியெல்லாம் ஜன்னலைத் திறந்துபோட்டு ஓட்டிவந்தானாம், எங்குமே ஒரு துளிப் பனி இல்லையாம். அதைச் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "நான் நம்பல, ஹெதர். நீ சொன்னப்ப முழுசா நம்பல. இவ்வளவு வெயில்ல எப்படின்னு."

நானும் அவனும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். ஒரு செவிலியர் தேநீர் கொண்டுவந்தார், ஆறிப்போனது. இன்னொருவர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். கதவு திறக்கும்போதெல்லாம் மூவரும் தலை தூக்கினோம்.

கடைசியில் மருத்துவர் வந்தார். சின்ன வயது. சூடு ஏறிவிட்டது, துடிப்பு சீராகிவிட்டது, சில நாள் இங்கே இருக்க வேண்டும் என்றார். நல்ல திடமான மனிதர் என்றார். ஜேகோ சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுவதற்கு என் முறை அப்போதுதான் வந்தது.

ஒவ்வொருவராகப் பார்க்க விட்டார்கள். அம்மாவின் நாற்காலியை நான் தள்ளிக்கொண்டு போனேன். டென்சில் கழுத்து வரை காற்றடைத்த சூட்டுப் போர்வைக்குள் கிடந்தார். முகம் சுருங்கி, வந்த நாளைவிட வயதாகியிருந்தது. கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தார்.

"கால் எப்படி?" என்றார். குரல் காற்றாக வந்தது.

"கட்டு போட்டிருக்காங்க. உங்களுக்கு?"

"தூங்கிட்டேன் போல. மணல்லயே தூக்கமா வந்துச்சு. நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க, அதான் விடல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அது என்ன பூன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றாள் அம்மா. போர்வையின் ஓரத்தை எடுத்து அவர் தோளுக்குக் கீழே சொருகிவிட்டாள். "நீங்க நல்லாகணும். அந்த அறையில ஜன்னல் பக்கம் இன்னும் அடிக்க வேண்டியிருக்கு. பேத்தியோ பேரனோ வர்றவரைக்கும் இங்க இருங்க. எனக்கு ஏணி ஏற முடியாது."

டென்சில் தலையசைத்தார். அவர் கை போர்வைக்கு வெளியே வந்து எதையோ தேடியது. அம்மா தன் கையைக் கொடுத்தாள். செவிலியர் வந்து போதும் என்று சொல்லும் வரை அப்படியே இருந்தார்கள்.

அம்மாவையும் ஒரு ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நானும் ஜேகோவும் இரவு எட்டு மணி தாண்டிக் கிளம்பினோம். வடக்கே மே மாதம் என்பதால் வெயில் இன்னும் இருந்தது. பெஞ்சில் இருந்த குடும்பம் போய்விட்டிருந்தது. வழியில் மேட்டின் உச்சிக்கு வந்ததும் ஜேகோ தானாகவே வண்டியை ஓரங்கட்டினான். எங்களுக்குப் பின்னால் வயல்கள் எல்லாம் பொன்னிறமாக இருந்தன. முன்னால், வடக்கிலிருந்து தெற்கு வரை, கரையை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் நீளமாக அந்தப் பனி படுத்திருந்தது. ஊரும் தீவும் கடலும் அதற்கடியில். மேலே ஒரு விமானம் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போனது.

"இதுக்குள்ளயா?" என்றான்.

"ஆமா."

அவன் பின்சீட்டிலிருந்து மருத்துவமனைப் போர்வையை எடுத்து என் கால்மேல் போட்டான். பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து வண்டியை இறக்கினான். முதலில் சாலையின் கோடு மங்கியது, பிறகு வேலி, பிறகு வானம். நான் கண்ணாடியை ஏற்றினேன்.